சத்தம் போடாத மெஷின்

எங்கள் கண் பரிசோதனை அறையில் 'விளக்கக்கா' என்று நாங்கள் கூப்பிடும் அக்காவுக்கு ஒரே வேலைதான். சோதனைக்கு வரும் பஸ் டிரைவரை உட்கார வைத்து, தாடையைத் தாங்கியில் வைத்துக்கொண்டு எதிரே உள்ள கறுப்புப் புள்ளியை மட்டும் பார்க்கச் சொல்வார். பின்னால் நின்று சுவிட்சைத் தட்டினால், ஓரத்தில் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு விளக்கு எரியும். தெரிந்ததும் டிரைவர் பொத்தானை அமுக்க வேண்டும். எவ்வளவு நேரம் பிடித்தது என்று மெஷின் காட்டிவிடும். ஓரக்கண்ணுக்குச் சிவப்புதான் தாமதமாகத் தெரியும். நிற்கச் சொல்வதற்குப் போய் அந்த நிறத்தை வைத்தவர்களை என்ன சொல்ல! பக்கத்து மேசையில் முத்திரை குத்துகிறவன் நான்.

அன்றைக்கு வந்தவர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். முப்பது வருஷ டிரைவர். "என்னப்பா, குத்திக் குத்திக் கை வலிக்கலையா?" என்று என்னைச் சீண்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். இதில் தேறாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. டிப்போவில் பஸ் கழுவ வேண்டியதுதான். ஆனால் வருஷா வருஷம் இதை ஊதித் தள்ளுகிற ஆள் அவர்.

இருபது விளக்கில் ஒன்பதைத்தான் பிடித்தார். இரண்டாவது தடவை எட்டு.

"மெஷின் கோளாறா இருக்கும், பாரு," என்றார்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. போன மாதம்தான் புதிதாக வந்தது. பழையதில் விளக்கு எரியும்போதெல்லாம் 'டக்' என்று சத்தம் வரும். இதில் மூச்சுப் பேச்சில்லை. அக்காவின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மனுஷன் இத்தனை வருஷமும் காதால் தேறியிருக்கிறார்.

ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான். கடைசித் தடவை அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். விளக்கைப் போடும்போதே மேசையில் லேசாகத் தட்டினார். அண்ணன் அமுக்கினார். மறுபடி தட்டல், மறுபடி அமுக்கல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஓட்டுகிற பஸ்ஸில்தான் என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஆனாலும் முத்திரையைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பதினைந்து ஆனதும் அக்கா விளக்கைப் போடவில்லை. வெறுமனே தட்டினார். அண்ணன் அமுக்கினார்.

"என்ன கலருண்ணா?"

"சிவப்பு. பளிச்சுனு தெரிஞ்சுதே!"

பொய் சொல்கிற குரல் இல்லை அது. பார்த்ததாகவே நம்பினார் மனுஷன். அதற்கு மேல் யாரால் என்ன செய்ய முடியும்?

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். படிவத்தில் இரண்டாவது தடவை வந்த 'எட்டை'யே எழுதி என் பக்கம் தள்ளினார்.

"என்னால முடியல. நீயே குத்திடு," என்றார், உதடு மட்டும் அசைய.

என் முன்னால் 'தகுதி', 'தகுதியில்லை' என்று இரண்டு முத்திரைகள். 'தகுதியில்லை'யை எடுத்துக் குத்தினேன்.

டக்.

தாடையைத் தாங்கியிலிருந்து இன்னும் எடுக்காத அண்ணன், பட்டென்று பொத்தானை அமுக்கினார்.

"இது பச்சை," என்றார் சந்தோஷமாக.