மூன்று மணிக்கு ஒரு லைஃப்லைன்

போட்டியில் தோற்றதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் கிடையாது. தோற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. அதனால் ஒரு சிநேகிதம் போனது.

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. நானும் கணவரும் கரூர்ப் பக்கம். ஐடி வேலைக்கு வந்து, கடன் வாங்கி, இங்கே ஃப்ளாட் வாங்கி உட்கார்ந்துவிட்டவர்கள். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர் தரைத்தளம். அவர் ஆவடியிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவருடைய பங்குக் கோயிலில் வருடா வருடம் நடக்கும் விவிலிய வினாடி வினாவில் அவரை யாராலும் அசைக்க முடியாது என்று கேள்விப்பட்டேன். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு என்று அவர் கேள்விப்பட்டார். போதாதா?

சாயங்காலம் வேலை முடிந்து ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியின் இரண்டாவது படியில் உட்காருவார். நான் குப்பைக் கூடையோடு கீழே இறங்குவேன். பாதி நாள் அந்தக் கூடையில் ஒன்றுமே இருக்காது.

"இன்னிக்கு இன்னா கேள்வி?" என்பார்.

அதுதான் எங்கள் வணக்கம். போனில் வினாடி வினா ஆப்பில் அன்று விளையாடியதில் கஷ்டமான ஒன்றைக் கேட்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். தெரிந்தால் சொல்லுவார், தெரியாவிட்டால், "தெர்லமா, நீயே சொல்லு" என்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அது வராது. சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று வீட்டில் ஏற்றிவிட்டார்கள். இறங்கவே இல்லை.

நான் விளையாடிய ஆப்பில் பல மாதம் வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் கொஞ்சம் பேரை மட்டும் நேரலைக்கு எடுப்பார்கள். பன்னிரண்டு கேள்வி. பன்னிரண்டும் சரியென்றால் பத்து லட்சம். நடுவில் ஒன்று தப்பானாலும் வெறுங்கை. மூன்று லைஃப்லைன்: பார்வையாளர்களின் ஓட்டு, நான்கில் இரண்டு விடைகளை நீக்கும் ஃபிஃப்டி ஃபிஃப்டி, நண்பருக்கு ஒரு போன். அந்த நண்பரின் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். போட்டி நடக்கும்போது ஆப்பே அந்த எண்ணுக்கு அடிக்கும். முப்பது விநாடிதான்.

யோசிக்காமல் அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். பதிவுக்காக அவர் போனுக்கு வந்த ஓடிபியை வாசித்துச் சொல்லும்போது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "ஜெய்ச்சீன்னா நம்ம கேட்டாண்ட ஒரு லைட்டு போட்டுக் குடு, போதும். இருட்டுல சாவி போட முடில" என்றார்.

தேதி பிறகுதான் வந்தது. புனித வெள்ளி, மாலை மூன்று மணி. எனக்கு அது ஒரு லீவு நாள், அவ்வளவுதான். நல்லதாகப் போயிற்று, மீட்டிங் இருக்காது என்று துள்ளினேன்.

படியில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"மூணு மணிக்கா? அப்போ நான் கோயில்ல இருப்பேனேமா. ஆண்டவர் உயிர் வுட்ட நேரம் அது. சிலுவை முத்தி செய்ய லைன்ல நின்னுகினு இருப்பேன்."

வரிசையில் போய்ச் சிலுவையை முத்தமிடுவதுதான் சிலுவை முத்தியாம். அன்று காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடமாட்டாராம். கோயிலில் அன்று மணிகூட அடிக்கமாட்டார்களாம். அதற்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்களாம். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நானும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். கேட்டு முடித்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரே ஒரு கால்தானேக்கா, வைப்ரேஷன்ல வெச்சுக்கோங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்ச கேள்வியா வந்துட்டா அடிக்கவே அடிக்காது."

எண்ணை மாற்ற இரண்டு நாள் அவகாசம் இருந்தது. வீட்டில் கணவர், "என் நம்பரைக் குடேன், நான் சும்மாதானே இருப்பேன்" என்றார். "உங்களுக்குக் கிரிக்கெட்டைத் தவிர என்ன தெரியும்?" என்று அவர் வாயை அடைத்தேன். படியில் அக்கா, நான் கேட்டதும், ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பாத்துக்கலாம் வுடு" என்றார். என்னிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அன்று நன்றாகத்தான் விளையாடினேன். ஏழாவது கேள்வியில் பார்வையாளர்களின் ஓட்டைப் பயன்படுத்தினேன். பத்தாவது கேள்வி இது: எந்த ரத்த வகைக்காரரின் பிளாஸ்மாவை மற்ற எல்லா வகையினருக்கும் ஏற்றலாம்? ஃபிஃப்டி ஃபிஃப்டியைத் தட்டினேன். ஓவும் ஏபியும் மிஞ்சின. என் ரத்தம் ஓ. வருடா வருடம் அலுவலக முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் பொருந்தும் ரத்தம் என்று பீற்றிக்கொண்டு திரிபவள் நான். ஆனாலும் அந்தப் பிளாஸ்மா என்ற சொல் உறுத்தியது. ரத்தத்தோடேயே வேலை செய்கிறவர் இருக்கும்போது என்ன கவலை என்று போனைத் தட்டினேன்.

ஐந்தாறு முறை அடித்தது. எடுத்தார். மூச்சு வாங்கியது. பின்னால் பாட்டுச் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டது. கேள்வியை மடமடவென்று வாசித்தேன்.

"ஏபி" என்றார்.

"ஓ இல்லையாக்கா? கண்டிப்பா ஏபியா?"

பதில் இல்லை. ஏதோ ஒரு பெண்குரல் தூரத்திலிருந்து, "இன்னிக்கின்னு பாத்து போனு கேக்குதா உனக்கு?" என்றது. அக்கா பேசவில்லை. நேரம் முடிந்து லைன் அறுந்தது.

அந்த மௌனத்தைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கே உறுதியில்லை என்று முடிவு கட்டினேன். ஓ என்று அழுத்தினேன். திரை சிவப்பானது.

ஆறு மணி இருக்கும். காலிங் பெல் அடித்தது. அக்கா. வெள்ளைப் புடவை, நாள் முழுக்கப் பட்டினி கிடந்த முகம். தன் வீட்டுக்குள்கூடப் போகாமல் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார்.

"இன்னாச்சு? ஜெய்ச்சியா?"

உள்ளே வாருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. "நீங்க உறுதியாச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேன்க்கா" என்றேன்.

"ஏபின்னு சொன்னேனேமா."

"சொன்னீங்க. திருப்பிக் கேட்டப்போ வாயைத் தொறக்கலையே."

கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "சரிமா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஏன் பேசவில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளே வந்தால் கணவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் மேலும் எரிந்து விழுந்தேன்.

நடந்ததை அதே கோயிலுக்குப் போகும் முதல் மாடிப் பெண் மறுவாரம் சொன்னாள். வைப்ரேஷனில் வைத்தால் தெரியாமல் போய்விடுமோ என்று பயந்து, அக்கா ரிங்டோனைச் சின்னதாக வைத்திருக்கிறார். மணியே அடிக்காத அந்தக் கோயிலில் அது அடித்திருக்கிறது. அவருக்கு முன்னால் வரிசையில் இரண்டே பேர்தான், பின்னால் யாருமில்லை. வரிசையை விட்டு வெறுங்காலோடு வாசல் வெயிலுக்கு ஓடியிருக்கிறார். திரும்பி வரும்போது முத்தி முடிந்து சிலுவையை எடுத்து வைத்துவிட்டார்கள். "நாப்பது வருசத்துல இந்த வருசந்தான் தவறிச்சுன்னு அழுதுகினே இருந்தாங்க" என்றாள் அவள். நான் குப்பைக் கூடையோடு அவள் வீட்டு வாசலிலேயே நின்றேன். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அப்போதே தரைத்தளத்துக்கு இறங்கிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். பதினைந்து படி. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இத்தனைக்கும் அந்த ஞாயிறே ஈஸ்டர் பிரியாணி வழக்கம்போல டப்பாவில் வந்திருந்தது. டப்பாவைக் கழுவி, சர்க்கரை போட்டு, கணவரிடம் கொடுத்தனுப்பினேன். படியில் பார்த்தால் அக்கா சிரித்தார், "சாப்ட்டியாமா?" என்றார். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே நேராக வீட்டுக்குள் போய்விடுவார். மறு வருடம் செம்பரம்பாக்கம் பக்கம் மனையில் சொந்த வீடு கட்டிக்கொண்டு காலி செய்து போனார்கள். சாமான் வண்டி கிளம்பும்போதுகூட நான் வாய் திறக்கவில்லை. எல்லாம் தெரிந்தவளுக்கு மன்னிச்சுக்கோங்க என்ற ஒரு சொல் வரவில்லை.

இந்த வருடப் புனித வெள்ளி அன்று மூன்று மணிக்கு அவர் எண்ணை அழுத்தினேன். அதிலும் என் கோழைத்தனத்தைப் பாருங்கள். கோயிலில் இருப்பார், போன் அணைந்திருக்கும், எடுக்கமாட்டார் என்று தெரிந்துதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மிஸ்டு கால் ஒன்று போய் உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்ட கணக்கில் சேர்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

போன் அடித்தது. நான் துண்டிப்பதற்குள் எடுத்துவிட்டார். மூச்சு வாங்கியது. பின்னால் அதே பாட்டு.

"சொல்லுமா, சீக்கிரம். இன்னா கேள்வி?"

இவ்வளவுக்குப் பிறகும் அவர் போனை அணைத்து வைக்கவில்லை. இன்னொரு முறை அவரை வரிசையிலிருந்து இழுத்து வெயிலில் நிறுத்திவிட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"ஏபிதான்க்கா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. இந்த முறை அதைத் தயக்கம் என்று நினைக்கவில்லை.

"அத்த நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். பிறகு குரலை இறக்கி, "அழுவாத. வையி, லைன் நவுருது" என்றார்.

வைத்துவிட்டார். நான் மூன்றே முக்கால் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவர் திரும்பிப் போவதற்குள் சிலுவையை எடுத்திருப்பார்களோ, எடுத்திருக்கமாட்டார்களோ, அதைக் கேட்க இன்னும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.