எச்சில் ஊறாத அரிசி

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையின் வாசலில் லாரிகளுக்கு எடை போடும் வேலை எனக்கு. குடியிருந்தது பொன்னேரிப் பக்கம், மாமனார் வீட்டில். வீட்டோடு மாப்பிள்ளைக்கு அங்கே நாயைவிட ஒரு படி கீழேதான் இடம். நாய் குரைக்கவாவது செய்யலாம்.

ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வந்தால் வீடே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மைத்துனியின் கம்மலைக் காணோம். மாமனார் தட்டில் பச்சரிசி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு வாய் மென்று துப்ப வேண்டும். திருடியவனுக்குப் பயத்தில் எச்சில் ஊறாது, அரிசி காய்ந்தே விழும் என்பது அவர்கள் கணக்கு.

நாஷ்டா முடித்துத் தெம்பாக இருந்தவர்கள் எல்லோரும் துப்பினார்கள். கூழாக விழுந்தது. நானும் ரயில் ஸ்டேஷனில் டீ குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. துப்பினால் வெறும் மாவு.

"இன்னா மாப்ள, மாவா கொட்டுது? பேஜாரு பண்ணாம எடுத்து குட்துடு" என்றார் மாமனார்.

ஊர் என்ன நினைத்தால் எனக்கென்ன, மனைவி நம்பினால் போதும் என்றிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் தட்டைக் கழுவ எடுத்துப்போனாள்.

அடுத்த வாரம் பகல் ஷிப்ட். ஆலை டாக்டரிடம் கேட்டேன். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். ராத்திரியில் அது எச்சிலைக் குறைத்துவிடும், சாயங்காலம் நன்றாக ஊறவிடும். கண்விழித்து வந்தவன் வாய்க்கு விடிந்தும் ராத்திரிதான் என்றார். அட, அன்றைக்கு இதை யார் கேட்டிருப்பார்கள்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்னதை மனைவியிடம் சொல்லி, அதே அரிசியை அவள் எதிரிலேயே மென்று துப்பினேன். கூழோ கூழ்.

"ஒரு வாரமா பழகிக்கினு வந்தியா?" என்றாள்.

பிறகொரு நாள் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது போரிலிருந்து கம்மல் விழுந்தது. மைத்துனி வைக்கோல் எடுக்கப் போனபோது கழன்றிருக்கிறது. மாமனார் அதை வேட்டியில் துடைத்து இளைய மகளிடம் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பெரிய மனுஷராம்.

அன்று சாயங்காலம் மனைவி சோறு போட்டாள். நானே வாய்விட்டுக் கேட்டேன்.

"இப்பவாச்சும் நம்புறியா?"

"நீ எடுக்கல, சரி. எடுக்கணும்னு நெனச்சிருப்ப. இல்லன்னா வாய் ஏன் காயுது?"

ஒரு கவளம் வாயில் வைத்தேன். சாயங்காலம்தான், ஆனாலும் எச்சில் ஊறவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.