லாகின் வேண்டாத பாட்டு

என் தம்பி எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வரவேற்பாளன். நாள் முழுக்க லேப்டாப்பில் பாட்டு. ஒரு பெரிய கம்பெனியின் பாட்டுகளை, அதன் செயலி இல்லாமல், விளம்பரம் இல்லாமல் பாடவிடும், யாரோ எழுதிய இணையப் பக்கம் ஒன்றில் கேட்பான். “லாகின்கூட வேணாம்க்கா, நாம யாருன்னே அதுக்குத் தெரியாது” என்று பெருமையடிப்பான். பிடித்த பாட்டுக்கெல்லாம் இதயக்குறி போட்டுவைப்பான்.

செங்கம் ரோட்டில் லாரி மோதிச் செத்தான்.

காரியத்தன்று வீட்டைக் கழுவினார்கள். “அவன் பொழங்கினது எல்லாத்தயும் சுத்தம் பண்ணிடும்மா” என்றார் பெரியப்பா. பாயும் துணியும் போயின. சும்மா உட்கார முடியாமல் நான் லேப்டாப்பைத் துடைத்தேன். மெதுவாக ஓடுகிறதே என்று பிரவுசரில் சேர்ந்திருந்ததையெல்லாம் அழித்தேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு வேறு.

மறுநாள் அம்மா, “அவன் கேக்கற பாட்டு ஒண்ணு போடேன்” என்றாள். பக்கத்தைத் திறந்தேன். லாகின் இல்லாததால் அவன் இதயக்குறி போட்ட பட்டியல் அந்தப் பிரவுசருக்குள் மட்டும்தான் இருந்திருக்கிறது. என் புத்திசாலித் தம்பி அதை என்னிடம் சொல்லித் தொலைக்கவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி.

“இன்னா போட்டிருக்குது?” என்றாள் அம்மா.

உங்களுக்கு இன்னும் எந்தப் பாட்டும் பிடிக்கவில்லை என்று போட்டிருந்தது.