பால்கனியில் படுத்த பிள்ளை

போன வாரம் ஒஸ்லோவில் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றினேன். கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்...

என் தங்கை நிரோ கலியாணம் கட்டி ஒஸ்லோவுக்குப் போனவள். அவளுடைய ஆறு மாதப் பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். என்ன உடுப்புக் கொண்டுவருவது என்று அவளிடம் கேட்கவில்லை. ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இத்தனை விண்டரைக் கண்டவளுக்குக் குளிரைப் பற்றி வகுப்பா? ஜீன்ஸ், பருத்தி ரீசேர்ட், மேலே ஒரு தடித்த ஜாக்கெட் — பெட்டியை மூடிவிட்டேன்.

முதல்நாள் காலை, பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்தோம். ஒரே மேடு. வியர்த்துக் கொட்டியது. வீட்டுக்கு வந்து குளித்த நிரோ, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"பிள்ளை எங்கையடி?"

"பால்கனியில, அக்கா. நித்திரை."

வெளியே மைனஸ் எட்டு!

கண்ணாடிக் கதவைத் திறந்து, வெறும் சொக்ஸுடன் பனிக்குள் பாய்ந்தேன். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தேன். அவன் வீரிட்டு அழுதான்.

"ஐயோ அக்கா! இப்பதானே கண்ணயர்ந்தவன்!"

"உனக்கென்ன விசரா? பிள்ளை விறைச்சுச் செத்துப்போகும்!"

"இஞ்ச எல்லாரும் உப்பிடித்தான் படுக்க விடுறவை. அவன்ர பிடரியைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். அப்போதுதான் பேக்கரிப் போறணையிலிருந்து எடுத்த பாண் மாதிரி, இளஞ்சூடு. என் விரல் பட்டதும் அவன் இன்னும் பலமாகக் கத்தினான். ஐஸ்கட்டி பட்டால் யார்தான் கத்தமாட்டார்கள்?

நிரோ என் முதுகைத் தடவிப் பார்த்தாள். ரீசேர்ட் ஈரமாக, சில்லென்று ஒட்டிக்கிடந்தது.

"பருத்தியே போட்டனீங்கள்? அது வேர்வையைப் பிடிச்சு வைச்சு ஆளை விறைக்கப் பண்ணும். உடம்போட ஒட்டிக் கம்பளி போடவேணும், அக்கா. அதுக்கு மேல இன்னொரு கம்பளி. ஆகக் கடைசியாத்தான் காத்துப் புகாத ஜாக்கெட். பிள்ளைக்கும் உதுதான்."

ரொறன்ரோவில் என் விண்டர் எது? லிப்டில் இறங்கி, பார்க்கிங்கில் கார் ஏறி, பிளாஸா வாசலில் இறங்குவது. இத்தனை காலமும் குளிரைத் தாங்கியது நானா... காரா?

நிரோ தன் கம்பளி உள்ளுடுப்பைத் தந்தாள். போட்டேன். சப்பாத்துக்கு அடியில் மாட்ட முள்ளும் தந்தாள், பனிக்கட்டியில் சறுக்காமலிருக்க. பிறகு பிள்ளையைத் தாலாட்டி, மறுபடியும் பால்கனியில் படுக்கவைத்தாள்.

மனம் கேட்கவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் காவல் நின்றேன். குளிரவில்லை. உண்மையாகவே குளிரவில்லை!

நிமிர்ந்து எதிர்வீட்டுப் பால்கனியைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு தள்ளுவண்டி — காவலுக்கு ஒரு பெரியம்மாகூட இல்லை.