காப்பு நாளில் குடித்த இளநீர்

தாதிய மாணவிகளைக் கிராமத்துக்குக் கூட்டிப்போகும் வேலையிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. நோயை வார்டில் மட்டும் பார்த்தால் போதாது, வீட்டிலும் போய்ப் பார்க்கவேண்டும் என்பது என் பிடிவாதம். இதற்காகக் கல்லூரியில் எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்து, உரும்பிராய்ப் பக்கம் டெங்கு பரவியிருந்தது. மாணவிகள் வீட்டு வளவு வளவாக நுழைந்து, தண்ணீர் தேங்கிய சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டு போனார்கள். அன்று கௌரி விரதத்தின் கடைசி நாள். கணவரின் ஆயுளுக்காகப் பிடிக்கிற விரதம். பின்னேரம் கோயிலில் கையில் காப்பு நூல் கட்டும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் வைப்பதில்லை. நானும் விரதம்தான்.

ஒரு வீட்டில் தோட்டக்காரரின் மனைவி தலைமுழுகி, ஈரக்கூந்தலோடு படியில் சாய்ந்திருந்தாள். நாலைந்து நாளாகக் காய்ந்த காய்ச்சல் காலையில் விட்டுவிட்டதென்று புருசன் சந்தோசமாகச் சொன்னார். நான் அவசரமாக அவள் பக்கத்தில் குந்தினேன். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆள் சரிகிற நேரம். கையைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. நாடியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. வயிறும் நோகிறதாம்.

ஒரு மாணவி அம்புலன்சுக்கு அழைத்தாள். ஆனால் அந்தப் பெண் கோயிலில் காப்புக் கட்டாமல் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம், ஒரு மிடறு குடிக்கவும் மாட்டாளாம். நான் எவ்வளவோ விளக்கினேன். அவள் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள். என் கண்முன்னாலேயே போய்விடுவாளோ என்ற பயத்தில் எனக்குக் கோபம் வந்தது.

"நானும் விரதக்காரிதான், பிள்ளை. முதல் நான் குடிக்கிறன். குற்றமெண்டால் அது என்ரை தலையிலை இருக்கட்டும்."

புருசன் வெட்டித் தந்த இளநீரை நின்றபடியே குடித்தேன். அடுத்ததை அவளிடம் நீட்டினேன். அழுதழுது குடித்தாள். அம்புலன்ஸ் வந்ததும் ஏறினாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்துதான் தப்பினாள். அன்று நான் காப்புக் கட்டப் போகவில்லை. கணவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் வீடு திரும்பியபின் பார்க்கப் போனேன். புருசன் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவள் அவர் திரும்பி வரும் ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரதத்தை முறிச்சிட்டன். இவருக்கு ஏதும் நடந்தால், மிஸ்?"

ஒன்றும் நடக்காது என்று சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன்.

என் கணவருக்குச் சாவகச்சேரியில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருவார். அன்று பார்த்து அவர் வரப் பிந்தியது. போனும் எடுக்கவில்லை. மூடநம்பிக்கை நோயாளியை எப்படிக் கெடுக்கும் என்று வகுப்பெடுக்கிற நான், வாசல் கேற்றைப் பிடித்தபடி நின்றேன். வீதியில் தெரிந்த ஒவ்வொரு வெளிச்சமும் அவருடையதாக இருக்கவேண்டுமென்று அம்மனிடம் கெஞ்சினேன். குடித்தது நான், என்னை எடு என்றேன்.

ரயர் காற்றுப் போய்விட்டதாம். வந்து இறங்கியவர் என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். சோறு ஆறுகிறது என்று சொல்லிவிட்டு, அழுகை வருமுன் உள்ளே போனேன்.