ரசமட்டம் பார்த்த படம்

என் வீட்டுக்காரருக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயரால் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை மயிரிழை சாய்ந்தாலும் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். வீட்டிலும் அதே கதைதான். நான் மாட்டிய காலண்டரை வந்து வந்து நிமிர்த்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் உயிராக வைத்திருந்தது, எதுவுமே நேராக நிற்காத ஒரு படக்கதைப் புத்தகத்தை.

மாங்கா என்பார்களே, அந்த ஜப்பான் படக்கதை அது. ஏதோ ஒரு வீட்டில் தரை மாற்றும்போது, குப்பைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தார். எழுத்து ஒன்றும் எங்களுக்குப் புரியாது. வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும் என்பதையே தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தார். எல்லாம் சின்னச் சின்னக் கதைகள். ஒருத்தி அலமாரியைத் திறந்தால், அவள் குடியிருக்கும் தெருவே உள்ளே ஹேங்கரில் தொங்கும். ஒருத்தன் தூங்கும்போது அவன் படுக்கையறை எழுந்து போய்க் கடலில் கால் நனைத்துவிட்டு வரும். வரைந்தவரின் போட்டோ பின்னட்டையில் இருக்கிறது, முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மகள் அந்த அட்டையைப் போனில் படம் பிடித்து, படக்கதை விற்கிற கடையில் காட்டினாள். இந்த ஆளுடையதை இதுவரை யாரும் கேட்டதே இல்லையே என்றாராம் கடைக்காரர். இவருக்கு வந்ததே கோபம், சோறு இறங்கவில்லை. "கேக்காதவனுக்குத்தான் நஷ்டம்" என்று தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. லாண்டரியில் நாள் முழுக்க இஸ்திரி போட்டு, இடுப்பு ஒடிந்து வீடு வந்தால், இவர் ஜன்னலோரம் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இந்தப் படம் வந்து பாத்திரம் கழுவுமா?" என்பேன். "ஒரு தடவ பாரேன்" என்பார். பார்க்கவே மாட்டேன். எனக்கும் வீம்பு உண்டு.

பிறகு சர்க்கரை வியாதி அவர் கண்ணைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்த அன்று வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "இனிமே புதுசா எதையும் பாக்கப் போறதில்ல. பாத்தத வச்சே ஓட்டணும்" என்றார். அதோடு பேச்சு குறைந்துவிட்டது. காலண்டர் நேராக இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை. அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விசும்பல் சத்தம் கேட்டு ஓடினேன். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. "அந்த அலமாரிக் கதையில, அவ எந்தக் கையால கதவத் திறப்பா? மறந்து போச்சு. ஒவ்வொண்ணா போகுது" என்றார். வீம்பாவது ஒன்றாவது! புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இடது கைங்க. விரல்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கா."

"ஆமா, பிளாஸ்திரி" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்படியே பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டு போனேன். சொல்ல வேண்டுமென்றால் உற்றுப் பார்க்க வேண்டுமே. பார்க்கப் பார்க்க எனக்கே வாய் பிளந்துவிட்டது. கடலுக்குப் போய் வந்த அறையின் கட்டில் காலில் மணல் ஒட்டியிருக்கிறது. எவ்வளவு சின்னது அது! யார் பார்ப்பார்கள் என்று நினைத்து வரைந்தாரோ, மகராசன்.

பிறகு அவருக்கு ரொம்பப் பிடித்த தபால்காரர் கதை வந்தது. தபால்காரர் பை நிறைய நிழல்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு கிளம்புவார். வீட்டுக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே போவார். கடைசியில் ஒரு நிழல் மிஞ்சும். யாரைக் கேட்டாலும் தன்னுடையது இல்லை என்பார்கள். அதை வைத்துக்கொண்டு பாலத்தின் நடுவில் நிற்பார்.

"அவ்வளவுதான். பாவம், அங்கயே நிக்கிறான்" என்று சொல்லி, தானே பக்கத்தைத் திருப்பக் கை நீட்டினார். திருப்பவில்லை. தாளை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தார். பதித்த டைல்ஸுக்கு அடியில் கலவை சேராமல் பொள்ளல் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பாரே, அதே மாதிரி சுண்டினார்.

"இது ஒரு தாள் இல்ல. ரெண்டு."

"இத்தனை வருஷம் தெரியலையா உங்களுக்கு?"

"அப்போ கவனமெல்லாம் படத்துல இருந்துச்சு. தாள யாரு தொட்டுப் பாத்தா?"

ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. யாரோ எப்போதோ சிந்திய டீ, சர்க்கரை இறுகிப் பசையாகியிருந்தது. இழுத்தால் படம் தோலோடு வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒட்டாமல் தூக்கிப் பிடித்து ஆவி காட்டினேன். எத்தனை பட்டுச் சேலைக்குக் காட்டியிருப்பேன், இது அதையெல்லாம்விட மெல்லிசு. "அவசரப்படாத" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றேன். மெல்ல மெல்லப் பிரிந்தது.

அவரும் பார்த்திராத இரண்டு பக்கங்கள்.

முதல் பக்கத்தில் தபால்காரர் பாலத்தில் மண்டியிட்டு, அந்த நிழலைத் தரையில் விரிக்கிறார். அடுத்ததில் கட்டமே கிடையாது, பக்கம் முழுக்க ஒரே படம். நிழல் அவர் காலோடு பொருந்திக் கிடக்கிறது. தோள் பை, சட்டை ஓரத்தில் தொங்குகிற கிழிசல், எல்லாம் அச்சாக அப்படியே. அது அவருடைய நிழல்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்து, அந்தக் கதையை முதலிலிருந்து புரட்டினேன். "என்னங்க, இதுக்கு முன்னால ஒரு படத்துலகூட இந்த ஆளுக்கு நிழலே இல்ல. குப்பைத் தொட்டிக்குக்கூட இருக்கு, இவருக்கு இல்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார், எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு. "கண்ணு முன்னாலயே வச்சிருக்கான், வரைஞ்சவன். கண்ணு இருந்தப்போ நான் பாக்கலையே" என்றார். "நிழல் எந்தப் பக்கமா விழுது?"

"நம்ம பக்கமா. கீழ வரைக்கும் நீண்டு வருது. தலை மட்டும் தாளத் தாண்டிப் போயிடுச்சு."

தாளின் கீழ் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு வெளியே, தன் மடிமேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். "இங்கயா?"

"அங்கதான்."

சாயங்காலம் மகள் போன் செய்தாள். இவர் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். "இன்னைக்கு ஒரு புதுப் படம் பாத்தேம்மா" என்று ஆரம்பித்து, பாலம், பை, கிழிந்த சட்டை என்று ஒன்று விடாமல் சொன்னார். மகள் என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அம்மா, அப்பா பாத்தேங்கறாரு. என்னம்மா ஆச்சு?" குரல் பயந்திருந்தது.

"பாத்தாருடி" என்றேன். "நானும் பக்கத்துலதான் இருந்தேன்."