மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி

மாலை நாலு இருபதுக்கு அண்ணி போன் செய்தாள். "கடையிலேர்ந்து கூப்பிட்டாங்க. உங்க அண்ணன் உட்கார்ந்த நாற்காலியிலேயே..." என்றாள். நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருடைய மூக்குக்கண்ணாடிக்கோ வெட்ட வேண்டிய லென்ஸ்கள் அதன் கீழே இருந்தன. கருவிழிக்கு நேரே வரவேண்டிய இடத்தில் லென்ஸில் ஒரு புள்ளி வைப்பது அவன் வேலை. இரண்டு லென்ஸிலும் வைத்து முடித்திருந்தான்.

தங்கையான எனக்கும் அண்ணனுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். அதனால் வாடா போடா மட்டும் இல்லை, மற்றபடி நீ, அவன்தான். அவனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் ஆம்ப்ளிஃபையரில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவனும் அதைத்தான் விரும்புவான்.

வேலை கண்ணாடிக் கடையில் என்றாலும் அவன் உயிர் ஸ்டீல் கிட்டாரில் இருந்தது. கிட்டாரை மடியில் படுக்கப்போட்டு, விரலால் அழுத்தாமல், ஓர் இரும்பு உருளையைக் கம்பிகள் மேல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். முதல்முறை பார்ப்பவர்கள், "என்ன சார், இஸ்திரி போடுறீங்களா?" என்று கேட்பார்கள். வலது கால் ஒரு மிதியின் மேல் இருக்கும். கம்பியைத் தட்டிவிட்டு, ஒலி தேயத் தேய மிதியை அழுத்திக்கொண்டே போனால் சுரம் சாகாமல் நிற்கும். ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், சனி ஞாயிறு மாலைகளில், நாலு பேர் குழுவில் இருபத்தாறு வருடம் அப்படி வாசித்தான்.

அத்தனை வருடமும் கூடவே வந்தது ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். முப்பத்து நாலு கிலோ. குழுவின் டிரம்ஸ்காரர் அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தார்.

"தூக்க ரெண்டு ஆள் வேணும். சூடாகிற வரைக்கும் காத்திருக்கணும். சூடாயிட்டா பக்கத்துல போக முடியாது. வேற என்ன பேரு வைக்கிறது?"

"எங்க அப்பாவையா சொல்றீங்க?" என்று அண்ணி முறைப்பாள்.

"சேச்சே, உங்கப்பா இதைவிட லேசும்மா."

ஈரத் தரை ஆகாது என்று மாமனாரை எப்போதும் ஒரு மரப்பெட்டியின் மேல்தான் வைப்பார்கள். இரண்டு மாடி இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, ஓட்டலில் இறக்கி, பெட்டி மேல் தூக்கி வைத்து, இரவு மறுபடி இரண்டு மாடி ஏற்றி. போன வருடம் ஒரு நாள் அண்ணன் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். முதுகெலும்பில் தட்டு விலகியிருக்கிறது, பத்து கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். டிரம்ஸ்காரருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

லேசானது ஒன்று வாங்கினால் போச்சு என்று நாங்கள் நினைத்தோம். அவன் வீட்டில் எடை பார்க்கும் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினான். அட்டையில் எழுதியிருக்கும் எடையை நம்பமாட்டானாம்.

"சார், இது வாத்தியக் கடை. காய்கறிக் கடை இல்லை," என்றார் கடைக்காரர்.

"காய்கறிக்காரர் தராசு காட்டுறாரே," என்றான் இவன்.

மூன்று ஆம்ப்ளிஃபையர்கள் பார்த்தான். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட இல்லை. எதை வாசித்தாலும் முகம் சுளித்தான். கீழ்ச்சுரம் போர்வைக்குள் இருந்து பேசுகிறதாம். தெளிவுக்காக, மேல்சுரத்தை ஏற்றும் ட்ரெபிள் குமிழைத் திருகினால் தகரத்தை உரசுகிற மாதிரி இருக்கிறதாம். கடைக்காரர் பெரிய மனது பண்ணி, எட்டரை கிலோ உள்ள ஒன்றை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்.

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. வேலை முடிந்து வந்ததும் குமிழ்களைத் திருகத் தொடங்குவான். ஆறாம் நாள் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"போதும். இந்தச் சத்தத்தோட வாசிக்கிறதுக்கு வாசிக்காமலே இருக்கலாம். ஓட்டல்ல சொல்லிடறேன்."

அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பியது அன்றைக்குத்தான். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் இந்த மனுஷனை வீட்ல வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள்.

நான் போய், "கடைசியா ஒரு தடவை வாசி, கேட்டுட்டுப் போறேன்," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கிட்டாரை எடுத்தான். கூடத்தில் தரையெல்லாம் காய்ந்த துணி. நான் கீழே உட்கார்ந்து அதை மடிக்க ஆரம்பித்தேன். அவன் நாற்காலியில். ஆம்ப்ளிஃபையர் அவன் காலடியில், தரையில்.

வாசித்தான். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் இருபத்தாறு வருடமாகக் கேட்ட அண்ணன் சத்தம் எனக்குத் தெரியாதா?

"நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் கூர்மையா இருக்கு. அவ்வளவுதான்."

"உன் காதைக் கழுவு."

"நீ கீழ வந்து கேளு."

"எதுக்கு?"

"வா ஒரு தடவை."

முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்க ஒரு சட்டையை எடுத்தான். நான் எழுந்து போய் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினேன். அவன் கையிலிருந்த சட்டை மடியில் விழுந்தது. ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். மூலையில், மரப்பெட்டியின் மேல், காதுயரத்தில் நின்ற மாமனாரைப் பார்த்தான்.

"அண்ணா, இத்தனை நாளா உன் முழங்காலுக்குத்தான் வாசிச்சுக் காட்டியிருக்கே," என்றேன்.

கடையிலும் மூன்றையும் தரையில் வைத்துத்தான் கேட்டிருக்கிறான். ஸ்பீக்கரின் மேல்சுரங்கள் நேர்க்கோட்டில் போகிறவை. அவை அவன் காலுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவனோ ட்ரெபிளை ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறான்.

உடனே சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து அதன் மேல் தூக்கி வைத்தான். தனியாக, ஒரே கையால். ட்ரெபிளைப் பாதிக்கும் கீழே இறக்கினான். வாசித்தான். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

"தினமும் பத்துப் பேருகிட்ட, கண்ணுக்கு நேரா மையம் வரலைன்னா நல்ல லென்ஸும் தலைவலிதான்னு சொல்றேன்," என்று தலையில் அடித்துக்கொண்டான். அவன் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

சனிக்கிழமை டிரம்ஸ்காரர் ஓட்டலில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மச்சான், அதுக்கு எதுக்கு நாற்காலி?"

"புது மாப்பிள்ளையை யாராவது தரையில உட்கார வைப்பாங்களா?"

அன்றிலிருந்து அது மாப்பிள்ளை. மாமனார் கூடத்திலேயே ஓய்வெடுத்துக்கொண்டார். அண்ணி அவர் தலையில் ஒரு பூந்தொட்டி வைத்தாள். அண்ணன் பதினொரு மாதம் ஒரு கையில் கிட்டார், ஒரு கையில் மாப்பிள்ளை என்று படியிறங்கிப் போனான். திரும்பி வரும்போது முனகல் இல்லை. ஏதாவது பாட்டு கேட்கும். இவ்வளவு சுகமான பதினொரு மாதம் அவனுக்கு அமைந்ததில் எனக்கு நிறைவுதான்.

இடையில் ஒரு நாள் என் நகப்பூச்சு பாட்டிலைக் கேட்டு வாங்கிப் போனான். ஓட்டல் வெளிச்சத்தில் குமிழ்களின் எண் தெரியவில்லையாம். சரியான இடத்துக்கு நேரே சிவப்பாக ஒரு புள்ளி வைத்துவிட்டால், தடவிப் பார்க்காமல் திருகிக்கொள்ளலாம்.

"எப்போ திருப்பித் தருவே?" என்றேன்.

"ட்ரெபிள் இன்னும் பிடிபடலை. கூட்டம் இருந்தா ஒரு இடம், கூட்டம் இல்லேன்னா ஒரு இடம். இன்னும் ரெண்டு சனிக்கிழமை போகட்டும்."

பாட்டில் இப்போதும் மாப்பிள்ளையின் திறந்த பின்பக்கத்துக்குள், சுருட்டிய வயரோடு இருக்கிறது. வால்யூம், பாஸ், மிடில் மூன்றுக்கும் புள்ளி இருக்கிறது. ட்ரெபிளுக்கு இல்லை.